கிளவுட் சர்டிஃபிகேட் எழுதப் போறீங்களா? படிப்பை விட பேப்பர் வேலைதான் ஆளைச் சாய்க்கும்

ஈரோடு, திருப்பூர், கோபி, பல்லடம் பக்கம் இருந்துட்டு ஏ.டபிள்யூ.எஸ் (அமேசானோட கிளவுட், அதாவது இன்டர்நெட் வழியா வாடகைக்கு உடற கம்ப்யூட்டர் வசதி) நடத்தற கிளவுட் பிராக்டிஷனர் பரீட்சை எழுதலாம்னு நெனைக்கறவங்களுக்காக இதை எழுதறேன். நான் பெருந்துறை பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல சிஸ்டம் பாத்துக்கற ஆளு, படிச்சது பி.எஸ்ஸி, ஐ.டி கம்பெனில ஒரு நாள்கூட வேலை பாத்ததில்லீங்க. பாடம் ஒண்ணும் அவ்வளவு கஷ்டமா இல்ல. பேரு, பேங்க் கார்டு, கரண்டு, ஐ.டி புரூஃப், இந்த நாலும்தான் என்னைப் போட்டு வாட்டி எடுத்துச்சு. யூடியூப்ல பாடம் நடத்தறவங்க யாரும் இதைச் சொல்றதில்ல, அவங்களுக்கு இது ஒரு விசயமாவே தெரியாது போல.

1. எந்தப் பரீட்சைன்னு முடிவு பண்ணுங்க

புதுசா வர்றவங்களுக்கு முக்கியமா ரெண்டு. ஏ.டபிள்யூ.எஸ் கிளவுட் பிராக்டிஷனர், இல்லாட்டி மைக்ரோசாஃப்டோட அஸூர் ஃபண்டமென்டல்ஸ், அதாவது ஏ.இசட்-900. நீங்க வேலை பாக்கற இடத்துல மெயில், ஆபீஸ் எல்லாமே மைக்ரோசாஃப்ட்ல ஓடுதுன்னா ஏ.இசட்-900 எழுதுங்க, அதுல இன்னொரு சௌகரியம் ஃபண்டமென்டல்ஸ் சர்டிஃபிகேட் காலாவதி ஆகாது. ஏ.டபிள்யூ.எஸ் சர்டிஃபிகேட் 3 வருசம்தான். ஆனா கோயமுத்தூர்ல வேலைக்கு ஆள் தேடறவங்க எச்சா கேக்கறது ஏ.டபிள்யூ.எஸ்ஸைத்தான்னு எனக்குப் பட்டுச்சு, அதனால நான் அந்தப் பக்கம் போனேன். இனிமே சொல்றதெல்லாம் அதை வெச்சுத்தான்.

பரீட்சை கோடு சி.எல்.எஃப்-சி02. இதை மனசுல வெச்சுக்கோங்க, ஏன்னா பழைய சி01-க்கு எடுத்த வீடியோவும் நோட்ஸும் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. 65 கேள்வி, 90 நிமிசம், 1000-க்கு 700 எடுத்தா பாஸ். அந்த 65-ல 50 கேள்விக்குத்தான் மார்க்கு, மிச்சம் 15 அவங்க சோதனைக்குப் போடறது, எது எதுன்னு நமக்குத் தெரியாது. தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்க, அதனால ஒரு கேள்வியையும் காலியா உடாதீங்க.

எடுத்ததுமே பெரிசா எழுதறேன்னு அடுத்த கட்டப் பரீட்சையான சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் பக்கம் போறவங்க இருக்காங்க. முடியாதுன்னு சொல்லல, லினக்ஸ், நெட்வொர்க்கிங் கொஞ்சம் கை பழகியிருந்தா நேரா அதுக்கே போலாம், ரூல் ஒண்ணும் தடுக்கல. ஆனா பி.காம், பி.எஸ்ஸி முடிச்சுட்டு ஐ.பி அட்ரஸ்னா என்னன்னு இப்பத்தான் பாக்கறீங்கன்னா சின்னதுல ஆரம்பிங்க.

2. பேரு (இதை நின்னு நிதானமா படிங்க)

வடக்கத்திக்காரங்களுக்கு இந்தப் பிரச்சனையே கிடையாது. நம்மளுக்கு இருக்கறது இனிஷியல். ஆதார்ல ஒரு மாதிரி, பான் கார்டுல அப்பா பேரை விரிச்சு எழுதி ஒரு மாதிரி, டிரைவிங் லைசென்ஸ்ல இனிஷியல் பின்னாடி, மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி. ஏ.டபிள்யூ.எஸ் சர்டிஃபிகேஷன் அக்கவுண்ட் ஆரம்பிக்கறப்ப ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு கட்டம் கேக்கும், நாம பாட்டுக்கு ஜிமெயில்ல இருக்கற பேரை அடிச்சுட்டுப் போயிருவோம். அந்தப் பேருதான் பரீட்சை நடத்தற பியர்சன் வியூ கம்பெனிக்குப் போகும், பரீட்சை அன்னிக்கு கம்ப்யூட்டர்ல இருக்கற பேரையும் கைல இருக்கற கார்டையும் வெச்சுப் பாப்பாங்க. ஒத்துப் போகலைன்னா உள்ள உட மாட்டாங்க, பணமும் போயிரும்.

அதனால தலைகீழாப் பண்ணுங்க. அக்கவுண்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எந்தக் கார்டை எடுத்துட்டுப் போகப் போறோம்னு முடிவு பண்ணீருங்க. பாஸ்போர்ட் இருந்தா கண்ணை மூடிட்டு அதேதான். அதுல கிவன் நேம் ஒரு வரி, சர்நேம் ஒரு வரின்னு பிரிச்சே இருக்கும், கிவன் நேமை ஃபர்ஸ்ட் நேம்லயும் சர்நேமை லாஸ்ட் நேம்லயும் எழுத்து மாறாம அடிச்சாப் போதும். பாஸ்போர்ட் இல்லைன்னா டிரைவிங் லைசென்ஸ். கார்டுல பேரும் ஒத்தை எழுத்து இனிஷியலும்தான் இருக்குன்னா லாஸ்ட் நேம்லயும் அந்த ஒத்தை எழுத்தையே போடுங்க, அப்பா பேரை விரிச்சுப் போட்டு அழகு பண்ண வேண்டாம். கார்த்திகேயனுக்கு இங்கிலீஷ்ல கே போட்டுருக்கா சி போட்டுருக்கா, டி-க்குப் பின்னாடி ஹெச் இருக்கா இல்லையான்னு ஒவ்வொரு எழுத்தாத் தொட்டுப் பாருங்க.

ஏற்கனவே தப்பா அடிச்சாச்சா? வெசனப்படாதீங்க, சர்டிஃபிகேஷன் சப்போர்ட்டுக்கு எழுதுனா மாத்திக் குடுப்பாங்க. ஆனா சில நாள் ஆகும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி எழுதி ஒண்ணும் ஆகப் போறதில்ல.

கார்டு ஒரிஜினல், அச்சடிச்சது, காலாவதி ஆகாததா இருக்கணும். ஜெராக்ஸ், போன்ல இருக்கற டிஜிலாக்கர் காப்பி எல்லாம் செல்லாது. டோல்கேட்ல போலீஸ்காரர் டிஜிலாக்கரை ஒத்துக்கறாரேன்னு இங்க வந்து நாயம் பேசிப் பிரயோஜனம் இல்லீங்க. சென்டருக்குப் போறீங்கன்னா பேரும் கையெழுத்தும் இருக்கற ரெண்டாவது கார்டு ஒண்ணும் பையில போட்டுக்கோங்க. புக் பண்ணதும் வர்ற மெயில்ல எந்தக் கார்டு ஆகும்னு போட்டுருப்பாங்க, அதை முழுசாப் படிங்க.

3. அரை மணி நேரம் எச்சா வாங்குங்க

பரீட்சை தமிழ்ல கிடையாது. ஜப்பான், கொரியா, ஸ்பானிஷ்னு நிறைய பாஷை இருக்கு, நம்மளுது இல்ல. ஆனா இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்களுக்கு 30 நிமிசம் கூடக் குடுக்கறாங்க, காசு கிடையாது, டாக்டர் சர்டிஃபிகேட்டும் கேக்க மாட்டாங்க. சர்டிஃபிகேஷன் அக்கவுண்ட்ல உள்ள போனா பரீட்சைச் சலுகை கேக்கற இடம் ஒண்ணு இருக்கு, எக்ஸாம் அக்காமடேஷன்ஸ்னு போட்டுருக்கும். அதுல ஈ.எஸ்.எல் பிளஸ் 30-ன்னு இருக்கறதைக் குடுத்துட்டீங்கன்னா 90 நிமிசம் 120 ஆயிரும். ஒருக்கா வாங்கிட்டா அடுத்து எழுதற பரீட்சைக்கும் அதே ஓடும்.

இதுல ஒரே கண்டிசன், தேதி புக் பண்றதுக்கு முன்னாடியே வாங்கணும். புக் பண்ணீட்டு அப்புறமேல் கேட்டா அந்தப் புக்கிங்ல ஏறாது. இங்கிலீஷ் மீடியம் படிச்சவங்களும் வாங்கிக்கோங்க, இதுல என்ன கௌரவக் குறைச்சல்.

4. பணம்

கிளவுட் பிராக்டிஷனர் 100 டாலர். அது மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வந்து நிக்கும், டாலர் ரேட்டைப் பொறுத்து முன்ன பின்ன இருக்கும். டாலர்ல கட்டறதுனால பேங்க்காரங்க ஒரு மார்க்கப் சார்ஜ் போடுவாங்க, அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்க. ஃபெயிலானா 14 நாள் கழிச்சுத்தான் மறுக்கா எழுதலாம், அப்பவும் முழுப் பணம் கட்டணும்.

டெபிட் கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனை நம்மளுதுல பெரும்பாலும் ஆஃப்லதான் இருக்கும், ரிசர்வ் பேங்க் 2020-ல கொண்டு வந்த ரூல் அது. பேங்க் ஆப்ல போயி இன்டர்நேஷனல், ஆன்லைன் ரெண்டையும் ஆன் பண்ணணும், லிமிட்டையும் ஏத்தி வெக்கணும். அப்புறமும் போகலைன்னா அந்தக் கார்டுக்கு அந்த வசதியே இல்லைன்னு அர்த்தம், கிளையில போயிக் கேட்டுக்கிட்டு நிக்காம வீட்டுல யார்கிட்டயாவது கிரெடிட் கார்டு இருந்தா வாங்கிக் கட்டீருங்க. கார்டுல இருக்கற பேரும் பரீட்சை எழுதறவங்க பேரும் ஒண்ணா இருக்கணும்னு கிடையாது. வேலை முடிஞ்சதும் இன்டர்நேஷனலை மறுபடியும் ஆஃப் பண்ணீருங்க.

காந்திபுரத்துல போர்டு மாட்டி வெச்சிருக்கற டிரெயினிங் சென்டர்கள் சிலது "எக்ஸாம் ஃபீஸோட சேர்த்து இவ்வளவு"ம்பாங்க. சேருங்க, சேராதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், சும்மா வீட்டுல உக்காந்தா படிக்கவே மாட்டேங்கற ஆளுக்கு கிளாஸ் நல்லதுதான். ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி வவுச்சர் நெம்பர் (எக்ஸாம் ஃபீஸுக்குப் பதிலாப் போடற கோடு) எப்பக் கைக்கு வரும், அது எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு ரெண்டு கேள்வி கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு ஒரு இடத்துல சேர்ந்து, கோர்ஸும் முடிஞ்சு, வவுச்சர் "வந்துரும் வந்துரும்"னு சொல்லிச் சொல்லிக் கடைசில சொந்தக் காசுலதான் எழுதுச்சு. அவங்க குடுக்கற "கோர்ஸ் கம்ப்ளீஷன்" சர்டிஃபிகேட்டும் ஏ.டபிள்யூ.எஸ் சர்டிஃபிகேட்டும் வேற வேறங்கறதையும் மனசுல வெச்சுக்கோங்க.

காலேஜ் படிக்கற பசங்க மொதல்ல பிளேஸ்மென்ட் செல்லுல போயி நான் முதல்வன் திட்டத்துல இந்த வருசம் கிளவுட் கோர்ஸ் ஏதாவது ஒதுக்கியிருக்காங்களான்னு கேட்டுட்டு அப்புறம் காசைத் தொடுங்க.

5. பழகறதுக்கு அக்கவுண்ட், பில்லு வராம

இது பரீட்சைக்கான சர்டிஃபிகேஷன் அக்கவுண்ட் இல்ல, வேற. பழைய நோட்ஸ்ல எல்லாம் "12 மாசம் ஃப்ரீ"ன்னு இருக்கும். அது 2025 ஜூலை 15-க்கு முன்னாடி ஆரம்பிச்ச அக்கவுண்டுக்கு. இப்பப் புதுசா ஆரம்பிச்சா 100 டாலர் கிரெடிட் வரும், அவங்க சொல்ற சில வேலைகளைச் செஞ்சா இன்னும் 100 டாலர் வரைக்கும் கிடைக்கும். ஃப்ரீ பிளானா பெய்ட் பிளானான்னு கேக்கறப்ப ஃப்ரீ பிளானைத் தொடுங்க. அது 6 மாசம், இல்லாட்டி கிரெடிட் தீர்ற வரைக்கும், எது முந்துதோ அது வரைக்கும் ஓடும். நீங்களாப் பெய்டுக்கு மாத்தாத வரைக்கும் கார்டுல பணம் எடுக்க மாட்டாங்க. சேர்றப்ப கார்டைச் சரிபாக்க 2 ரூபா மட்டும் எடுப்பாங்க, அதைப் பாத்துப் பதறாதீங்க.

உள்ள போனதும் மொத வேலை ரூட் யூசருக்கு (அக்கவுண்டோட முதலாளி லாகின்) எம்.எஃப்.ஏ போடுங்க, அதாவது பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்கற பூட்டு. அடுத்து பட்ஜெட் (செலவு எல்லையைத் தாண்டினா சொல்ற அலாரம்) ஒண்ணு செட் பண்ணுங்க, கிரெடிட் தர்ற வேலைகள்ல அதுவும் ஒண்ணு, 20 டாலர் ஏறும், கூடவே பரீட்சைக்கும் படிச்ச மாதிரி. ரீஜனை (சர்வர் இருக்கற இடத்தை) மும்பைல வெச்சுக்கிட்டு அங்கயே இருங்க. ஒரு நாள் ஒஹாயோ, ஒரு நாள் மும்பைன்னு மாத்தி மாத்தி சர்வர் போட்டா எங்க என்ன ஓடுதுன்னு தெரியாம கிரெடிட் கரைஞ்சு போயிரும். இ.சி.2-வை, அதாவது வாடகை சர்வரை, ஸ்டாப் பண்ணாலும் அதோட ஒட்டியிருக்கற இ.பி.எஸ் டிஸ்க்குக்குக் காசு ஓடும். 2024 பிப்ரவரில இருந்து பப்ளிக் ஐ.பி-க்கும் மணிக்கு 0.005 டாலர், ஒரு மாசம் உட்டா மூணரை டாலருக்கு மேல. நாட் கேட்வே (உள் நெட்வொர்க்ல இருக்கற சர்வரை இன்டர்நெட்டோட இணைக்கறது) பக்கமே போகாதீங்க, இந்தப் பரீட்சைக்கு அது என்னன்னு தெரிஞ்சாப் போதும், செஞ்சு பாக்க வேண்டியதில்ல.

எஸ்3-ல (ஃபைல் வெக்கற இடம்) ஒரு பக்கெட், ஒரு சின்ன இ.சி.2, ஐ.ஏ.எம்-ல (யாருக்கு என்ன பர்மிஷன்னு வெக்கற இடம்) ஒரு யூசர், ஒரு குரூப், பில்லிங் பக்கத்தை முழுசா ஒரு சுத்து. கை பழக்கம் இவ்வளவு இருந்தாப் போதுங்க.

6. என்ன படிக்கறது

எக்ஸாம் கைடுன்னு ஏ.டபிள்யூ.எஸ்ஸே ஒரு பி.டி.எஃப் ஃப்ரீயா குடுக்கறாங்க. நாலு பகுதி. கிளவுட் கான்செப்ட்ஸ் 24 சதவீதம், செக்யூரிட்டி 30, டெக்னாலஜியும் சர்வீஸும் 34, பில்லிங்கும் சப்போர்ட்டும் 12. ஏ.டபிள்யூ.எஸ்ஸோட ஸ்கில் பில்டர் சைட்டுல கிளவுட் பிராக்டிஷனர் எசென்ஷியல்ஸ் கோர்ஸ் இருக்கு, அதுவும் ஃப்ரீ, 20 கேள்வி இருக்கற அஃபிஷியல் பிராக்டிஸ் செட்டும் ஃப்ரீ. வேலைக்குப் போயிட்டுப் பொழுதோட வந்து ஒரு மணி நேரம் படிக்கறவங்களுக்கு ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். பத்து நாள்ல முடிச்சேன்னு சொல்றவங்க ஏற்கனவே அந்த ஃபீல்டுல இருப்பாங்க, அவங்களைப் பாத்து ரோசனை பண்ணாதீங்க.

நம்மாளுங்க தடுமாறற மொத இடம் ஷேர்டு ரெஸ்பான்சிபிலிட்டி, அதாவது எது அவங்க பொறுப்பு, எது நம்ம பொறுப்புங்கறது. தறி குடோனை வாடகைக்கு எடுத்து ஓட்டற மாதிரின்னு வெச்சுக்கோங்க: கட்டடம், கூரை, த்ரீ ஃபேஸ் லைன் எல்லாம் குடோன்காரர் பொறுப்பு, உள்ள ஓடற தறி, பாவு, பூட்டு, சாவி யார்கிட்ட இருக்குங்கறதெல்லாம் நம்ம பொறுப்பு. டேட்டா சென்டர், ஹார்டுவேர் ஏ.டபிள்யூ.எஸ்ஸோடது. இ.சி.2 உள்ள இருக்கற ஓ.எஸ்-க்கு பேட்ச் போடறது, யாருக்கு என்ன பர்மிஷன்னு பாக்கறது நம்மளுது. அதே ஆர்.டி.எஸ்ங்கற டேட்டாபேஸ் சர்வீஸ்னா ஓ.எஸ் பேட்சும் அவங்களே பாத்துக்குவாங்க. இப்படி சர்வீஸுக்கு சர்வீஸ் கோடு எங்க நகருதுங்கறதைத்தான் கேள்வியாக் கேப்பாங்க.

ரெண்டாவது, பேரு ஒண்ணு மாதிரியே இருக்கற சர்வீஸ்கள். ஒவ்வொண்ணுக்கும் விளக்கத்தை மனப்பாடம் பண்ணாதீங்க, அது எந்தக் கேள்விக்குப் பதில்னு எழுதி வைங்க. என் நோட்டுல இப்படித்தான் இருந்துச்சு: "ராத்திரி சர்வரை யாரோ டெலிட் பண்ணீட்டாங்க, யாரு?" - கிளவுட் டிரெயில். "சி.பி.யூ 80 தாண்டினா எனக்கு மெயில் வரணும்" - கிளவுட் வாட்ச். "இந்த செட்டிங் போன வாரம் எப்படி இருந்துச்சு, இப்ப என்ன மாறிருக்கு?" - கான்ஃபிக். "அக்கவுண்ட்ல சந்தேகமா ஏதாவது நடக்குதா?" - கார்டு டியூட்டி. "சர்வர்ல இருக்கற சாஃப்ட்வேர்ல ஓட்டை இருக்கா?" - இன்ஸ்பெக்டர். "எஸ்3-ல எவனாவது பான் நெம்பர், கார்டு நெம்பர்னு போட்டு வெச்சிருக்கானா?" - மேசி. இந்த ஆறும் தெரிஞ்சாலே நாலஞ்சு கேள்வில குழப்பம் போயிரும்.

வெல் ஆர்க்கிடெக்டட்னு ஏ.டபிள்யூ.எஸ் சொல்ற நல்ல டிசைன் வழிமுறைல ஆறு தூணு, அதை ஒப்பிச்சுத்தான் ஆகணும், வேற வழியில்ல. இ.சி.2 விலை விசயத்துல ஆன் டிமாண்ட், ரிசர்வ்டு, ஸ்பாட், சேவிங்ஸ் பிளான் நாலும் எப்ப எதுன்னு தெரியணும். பாதில நின்னு போனாலும் பரவால்லைங்கற வேலைன்னு கேள்வில இருந்தா யோசிக்காம ஸ்பாட். "லீஸ்ட் ஆபரேஷனல் ஓவர்ஹெட்"னு (நம்ம பராமரிப்பு வேலை ரொம்பக் கம்மியா) கடைசி வரில இருந்தா, நாமளே இ.சி.2 போட்டு அதுல சாஃப்ட்வேர் ஏத்தற பதிலை எல்லாம் மொதல்லயே அடிச்சுருங்க.

7. டம்ப்ஸ் வேண்டாம்

டம்ப்ஸ்னா திருட்டுத்தனமா வெளிய உடற பரீட்சைக் கேள்வி. டெலிகிராம்ல "இதே கேள்வி வருது"ன்னு பி.டி.எஃப் வரும். அதுல பாதிப் பதில் தப்பு, இது ஒரு பக்கம். கண்டுபிடிச்சாங்கன்னா ரிசல்ட்டை ரத்து பண்ணீட்டு மேல எழுதவே உடாம நிறுத்தறதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு, எழுதறதுக்கு முன்னாடி நாமளே அந்த ஒப்பந்தத்துக்கு ஓ.கே குடுத்துட்டுத்தான் உக்கார்றோம். மாதிரிக் கேள்வித்தாள் வேற, டம்ப்ஸ் வேற. மாதிரித்தாள் நிறையப் போடுங்க, தொடர்ந்து 80-க்கு மேல வந்தா தேதி புக் பண்ணுங்க.

8. வீட்டுலயா, சென்டர்லயா

ரெண்டுக்கும் ஒரே காசு. என்னைக் கேட்டா கோயமுத்தூர் போயி சென்டர்ல எழுதுங்கன்னுதான் சொல்லுவேன்.

வீட்டுல எழுதறதுன்னா தனி ரூம் வேணும், டேபிள் மேல ஒண்ணும் இருக்கக் கூடாது, ரூமை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பணும், ரெண்டாவது மானிட்டர், ஹெட்போன், வாட்ச், பேப்பர், பேனா எதுவும் ஆகாது. எழுதி முடிக்கற வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது. நம்ம ஊட்டுல இது ஆகற காரியமா? ஒறம்பரை வந்து "என்ன கண்ணு, கதவைச் சாத்திட்டு என்ன பண்றே"ன்னு ஒருக்கா தள்ளித் திறந்தாப் போதும், பரீட்சையை நிறுத்திருவாங்க. நமக்கு இன்னொரு பழக்கம், கஷ்டமான கேள்வி வந்தா வாய்விட்டு முணுமுணுத்துப் படிப்போம், அதுக்கும் எச்சரிக்கை வரும். சோமனூர், பல்லடம் பக்கம் பக்கத்து வீட்டுல தறி ஓடிக்கிட்டு இருந்தா அந்தச் சத்தத்துல கவனமும் நிக்காது.

கரண்டு இன்னொண்ணு. மாசாந்திரப் பராமரிப்புன்னு சப்ஸ்டேஷன் வாரியா காலைல 9 மணில இருந்து சாயங்காலம் வரைக்கும் நிறுத்துவாங்க, ஊர் பேரோட முந்தின நாள் பேப்பர்ல வரும். தேதி புக் பண்றப்ப உங்க ஊருக்கு மாசத்துல எந்த நாள் வருதுன்னு லைன்மேன்கிட்டயோ இ.பி ஆபீஸ்லயோ கேட்டுட்டுப் பண்ணுங்க. அப்படியும் வீட்டுலதான்னா ரூட்டரை யு.பி.எஸ்-ல போடுங்க, லேப்டாப் சொந்தமா இருக்கட்டும், கம்பெனி லேப்டாப்ல ஃபயர்வாலும் வி.பி.என்னும் சேர்ந்து பரீட்சை சாஃப்ட்வேரையே ஓட உடாது. சிஸ்டம் டெஸ்ட்டை எழுதப் போற அதே ரூம்ல, அதே நெட்டுல, அதே நேரத்துல போட்டுப் பாருங்க.

சென்டர்னா இந்த வெசனமெல்லாம் கிடையாது. பியர்சன் வியூ சைட்டுல கோயமுத்தூர்னு போட்டா சென்டரும் காலி நேரமும் காட்டும். ஈரோட்டுக்காரங்க காலைல ரயிலைப் பிடிச்சா நிம்மதி, கோபி, சத்தி பக்கம்னா பஸ்ஸுதான். 9 மணி ஸ்லாட்டை எடுக்காதீங்க, 11-க்கு மேல பாருங்க. தேதியை மாத்தணும்னா 24 மணி நேரத்துக்கு முன்னாடி மாத்தீரணும், ஒரு புக்கிங்கை ரெண்டு தடவைதான் மாத்தலாம். ஊர்ல நோம்பி, கிடா வெட்டு, கல்யாணம்னு எது எப்ப வருதுன்னு அம்மாகிட்ட ஒருக்கா கேட்டுட்டுத் தேதி எடுங்க, சும்மா சொல்லலீங்க, தேதி மாத்தறவங்க பாதிப் பேரு இதுக்குத்தான் மாத்தறாங்க.

9. அன்னிக்கு

அரை மணி நேரம் முன்னாடி அங்க இருங்க. போன், வாட்ச், பர்ஸ் எல்லாம் லாக்கர்ல வெக்கச் சொல்லுவாங்க, போட்டோவும் கையெழுத்தும் எடுப்பாங்க. சாப்பிட்டுட்டுப் போங்க, ஆனா வயிறு முட்ட இல்ல, ஏ.சி ரூம்ல தூக்கம் வந்துரும்.

கம்ப்யூட்டர்ல உங்க பேரும், பரீட்சை பேரும், 120 நிமிசமும் சரியா இருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிங்க. மொத சுத்துல தெரிஞ்சதை மட்டும் போட்டுட்டு, சந்தேகம் இருந்தா ஒரு பதிலைத் தொட்டுட்டுக் கொடி போட்டு நகருங்க. ரெண்டு பதில் தேர்ந்தெடுன்னு வர்ற கேள்விகள்ல ஒண்ணு மட்டும் போட்டா மார்க் கிடையாது, கடைசி சுத்துல அதை மட்டும் தனியாப் பாருங்க.

10. ரிசல்ட்டும் மத்ததும்

முடிச்ச உடனே திரையில பாஸான்னு காட்டும்னு எதிர்பாக்காதீங்க. அஞ்சு வேலை நாளுக்குள்ள மெயில் வரும், பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே வந்துரும். அந்த இடைவெளில ஃபெயில்னு நீங்களா முடிவு கட்டீட்டு உக்காந்துக்காதீங்க. சர்டிஃபிகேட் பி.டி.எஃப்பும், கிரெட்லிங்கற சைட்டுல டிஜிட்டல் பேட்ஜும் வரும். ரெஸ்யூமேல போடறப்ப சர்டிஃபிகேட்ல இருக்கற வேலிடேஷன் நெம்பரையும் சேர்த்துப் போடுங்க, ஹெச்.ஆர் அதை வெச்சு சரிபாத்துக்குவாங்க.

இதை மட்டும் வெச்சு சரவணம்பட்டி (கோயமுத்தூர்ல ஐ.டி கம்பெனிங்க இருக்கற பக்கம்) போனா உடனே வேலை கிடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இன்டர்வியூவுக்குக் கூப்பிடறதுக்கு ஒரு காரணம் ஆகும், அவ்வளவுதான், உள்ள போனதும் லினக்ஸும் நெட்வொர்க்கிங்கும்தான் கேப்பாங்க.

ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. பாஸானதும் சர்டிஃபிகேஷன் அக்கவுண்ட்ல பெனிஃபிட்ஸ்னு ஒரு பக்கம் திறக்கும், அதுல அடுத்த பரீட்சைக்குப் பாதி விலைக் கூப்பன் இருக்கும். அது தானா மெயில்ல வராது, நாமதான் போயி கிளெய்ம் பண்ணி எடுக்கணும். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் 150 டாலர், கூப்பன் போட்டா 75. அதுக்கும் காலாவதித் தேதி இருக்கு, எடுத்த உடனே தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க.